எபிசோட் 37: நாங்க கட்டின பக்கி ஏன் கவிழ்ந்துச்சு?

(ஒலிப்பதிவிலிருந்து எழுத்துக்கு மாற்றியது. இழுவைகளும், ஒரே விஷயத்தை ரெண்டு தடவை சொன்ன இடங்களும் நீக்கப்பட்டுள்ளன.)

போன வாரம் டேட்டாபேஸ் இண்டெக்ஸ் பத்திப் பேசுறேன்னு சொல்லியிருந்தேன். அது அடுத்த வாரத்துக்குப் போயிடுச்சு. இன்னைக்கு நாலு மாசமா தள்ளிப் போட்ட ஒரு கதை.

இந்த பாட்காஸ்ட்டை ஆரம்பத்திலிருந்து கேக்குறவங்களுக்கு நாங்க ஒரு பக்கி கட்டினது தெரியும். பழைய மாருதி 800 இன்ஜின், கியர்பாக்ஸ், பைப் சட்டம், ரெண்டு சீட்டு. பொள்ளாச்சி பக்கம் மாமா தோப்புல ஓட்டுறதுக்கு. ரோட்டுல ஓட்டல. பதிவு இல்லாத வண்டியை பொதுச்சாலையில ஓட்ட மோட்டார் வாகனச் சட்டம் விடாது, விடவும் கூடாது. பக்கி எங்க போனாலும் டெம்போ மேல ஏறித்தான் போகும்.

நாலு மாசத்துக்கு முன்னாடி அந்த பக்கி கவிழ்ந்துச்சு. ஓட்டினது என் நண்பன், காலேஜ்ல ரூம்மேட். இடது மணிக்கட்டுல ரெண்டு இடத்துல முறிவு, தகடு வெச்சு ஆபரேஷன். இப்ப விரல் எல்லாம் அசையுது, கீபோர்டு தட்டுறான், கிட்டார் மட்டும் இன்னும் எடுக்கல. ஆஸ்பத்திரி வராண்டாவுல அவங்க அம்மா என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க: "நீதானே சாமி கணக்கெல்லாம் போட்டே?"

ஆமா, நான்தான் போட்டேன். டிசைன் என்னோடது. கம்ப்யூட்டர்ல சிமுலேஷன் ஓட்டி, சட்டம் முழுக்க பச்சையா வந்த படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல வெச்சதும் நான்தான். அதனால இந்த எபிசோட்ல எங்க தப்பு பண்ணேன், அதை எப்படிச் சரி பண்ணோம், ரெண்டையும் சொல்றேன். பக்கி கட்டுற பசங்க நம்ம ஊர்ல நிறைய இருக்கீங்க. கேட்டுட்டுப் போங்க.

முதல்ல, கவிழ்ந்தது எப்படி. தென்னைக்கு நடுவுல இருக்குற மண் பாதை. வேகம் முப்பது, முப்பத்தஞ்சுதான் இருக்கும். வலது பக்கம் திரும்புறான், ஒரு சின்ன மேடு வருது, பின்பக்கம் சட்டுனு வெளிய போகுது, இடது பின் சக்கரம் பக்கவாட்டுல போய் வரப்புல இடிக்குது, வண்டி இடது பக்கம் சாய்ஞ்சு கவிழுது. அவன் ஸ்டியரிங்கை விட்டுட்டு கையை வெளிய நீட்டிட்டான். விழும்போது கை தானா அப்படித்தான் போகும்.

"வேகமா போயிருப்பான்"னு தோப்புல எல்லாரும் சொன்னாங்க. எனக்கும் முதல்ல அப்படி நினைக்கத்தான் வசதியா இருந்துச்சு. கணக்கு ஒத்துக்கல.

ஒரு வண்டி சமதரையில பக்கவாட்டுல சாயுமா, சறுக்குமான்னு பார்க்க ஒரு எளிய எண் இருக்கு. ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல இருக்குற அகலத்தை, ஈர்ப்பு மைய உயரத்தோட ரெண்டு மடங்கால வகுத்தா போதும். அமெரிக்காவுல கார்களோட கவிழ்ற அபாயத்தை மதிப்பிடவும் இதே எண்ணைத்தான் பயன்படுத்துறாங்க. எங்க பக்கிக்கு அகலம் 1.3 மீட்டர். உயரத்தைக் கண்டுபிடிக்க எடை மேடைக்குப் போனோம். கரும்பு லோடு வரிசைக்கு நடுவுல எங்க பக்கி நின்ன கோலத்தைப் பார்த்து அந்தண்ணன் காசே வாங்கல. ஒவ்வொரு அச்சா ஏத்தி, ஆள் உட்கார்ந்த நிலையில எடை பார்த்தோம். முன்னாடி 200 கிலோ, பின்னாடி 320. அப்புறம் முன்பக்கத்தை அரை மீட்டர் தூக்கி, பின் அச்சு எடை எவ்வளவு கூடுதுன்னு பார்த்தா மைய உயரத்தைக் கணக்குப் போடலாம். ஆனா கூடுறதே இருபது கிலோ அளவுதான். எடை மேடை பத்து பத்து கிலோவாத்தான் காட்டும். அதனால 50-லிருந்து 60 செ.மீ.க்குள்ளன்னு தோராயமாத்தான் சொல்ல முடியும். நடுவுல 55-னு வெச்சா அந்த எண் 1.18 வருது.

அதாவது சமதரையில கவிழணும்னா, வண்டியோட எடையை விடக் கூடுதலான விசை பக்கவாட்டுல தள்ளணும். மண் தரையில டயருக்கு அவ்வளவு பிடி கிடையவே கிடையாது, அதுல பாதியைக் கொஞ்சம் தாண்டினாலே பெருசு. அப்ப வண்டி சறுக்கணுமே தவிர கவிழக்கூடாது. கவிழ்த்தது வரப்பு. சறுக்குற சக்கரம் எதுலயாவது மாட்டினா காலைத் தட்டி விட்ட மாதிரி. அப்ப உண்மையான கேள்வி வேற: பின்பக்கம் ஏன் வரப்பு வரைக்கும் போச்சு?

இதைக் கண்டுபிடிக்க எனக்கு மூணு வாரம் ஆச்சு. கண்டுபிடிச்ச அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல.

மாருதி 800 முன்சக்கரத்துல இழுக்குற வண்டி. இன்ஜின், கியர்பாக்ஸ், ரெண்டு முன் சக்கரம், சஸ்பென்ஷன் எல்லாம் ஒரே தொகுதி. பக்கி கட்டுறவங்க அந்தத் தொகுதியை அப்படியே தூக்கிப் பின்னாடி வெச்சிடுவாங்க. பின்னாடி எடை இருந்தா மண்ணுல இழுவை நல்லா கிடைக்கும். 1964-ல கலிஃபோர்னியாவுல புரூஸ் மேயர்ஸ் கட்டின மேயர்ஸ் மேங்ஸ் பக்கியும், ஃபோக்ஸ்வேகன் பீட்டிலோட பின் இன்ஜினை நம்பித்தான் மணல்ல ஓடுச்சு. மாருதி இன்ஜினை வெச்சு ரேஸ் கார் கட்டுறதும் கோயம்புத்தூருக்குப் புதுசு இல்ல. எஸ். கரிவரதன் ஃபார்முலா மாருதி காரை உருவாக்கினது இந்த ஊர்லதான். அவர் 1995-ல விமான விபத்துல இறந்துட்டார். செட்டிபாளையத்துல இருக்குற கரி ரேஸ் டிராக் அவர் பேர்லதான் இருக்கு.

சரி, விஷயத்துக்கு வரேன். அந்தத் தொகுதியில இருக்குறது திரும்புற சக்கரம். சக்கரத்தோட நக்கிள்ல ஒரு கை நீட்டிட்டு இருக்கும், அதை டை ராடு பிடிச்சு இழுத்துத்தான் சக்கரம் திரும்பும். பின்னாடி வெச்சதும் சக்கரம் திரும்பக்கூடாது, அதனால டை ராடோட உள் முனையை சட்டத்துலயே போல்ட் போட்டு நிறுத்திடுவோம். எங்க போல்ட் போடுறது? கியர்பாக்ஸுக்குப் பின்னாடி ஒரு குறுக்குப் பைப் வசதியா இருந்துச்சு. அங்கேயே போட்டேன்.

இங்கதான் வினை. சக்கரம் மேடு ஏறும்போது மேல போகுது. கீழ் ஆர்ம் ஒரு வட்ட வில்லுல சுத்துது. டை ராடும் ஒரு வில்லுல சுத்துது. ரெண்டும் ஒரே நீளம், ஒரே சாய்வுன்னா ரெண்டு வில்லும் கூடவே போகும். என் டை ராடு கீழ் ஆர்மை விட நீளம், உள் முனை உயரத்துல வேற. அதனால சக்கரம் மேல போகப் போக டை ராடு நக்கிளைத் தள்ளி, சக்கரத்தைத் திருப்புது. யாரும் ஸ்டியரிங்கைத் தொடாமலே பின் சக்கரம் திரும்புது. இதுக்கு பம்ப் ஸ்டியர்னு பேர். முன் சக்கரத்துல இருந்தா ஸ்டியரிங் கையில உதறும், ஓட்டுறவனுக்குத் தெரிஞ்சிடும். பின் சக்கரத்துல இருந்தா எதுவும் சொல்லாது.

அளந்து பார்த்தோம். ஸ்பிரிங்கைக் கழட்டிட்டு, ஹப்புல ஒரு லேசர் பாயிண்டரைக் கட்டி, மூணு மீட்டர் தள்ளி இருந்த சுவர்ல புள்ளி விழ வெச்சு, ஜாக்கியில பத்து பத்து மி.மீ.யா தூக்கினோம். மூணு மீட்டர்ல ஒரு டிகிரின்னா சுவர்ல 5 செ.மீ. நகரும், ஸ்கேல் போதும். 60 மி.மீ. தூக்கினப்ப புள்ளி ஒரு சாண் தாண்டிடுச்சு. நாலு டிகிரி! அதுவும் சக்கரத்தோட முன்பக்கம் வெளிய பார்க்குற மாதிரி. வலது பக்கம் திரும்பும்போது எடை முழுக்க இடது பின் சக்கரத்து மேல, அது மேடும் ஏறுது, அப்ப அது இடது பக்கம் நாலு டிகிரி திரும்புது. பின்பக்கம் வெளிய ஓடாம என்ன பண்ணும்? அவன் வேகமா போகல. நான் போட்ட போல்ட்டு வண்டியை வரப்புக்கு ஓட்டிட்டுப் போச்சு.

இதை அவன்கிட்ட போன்ல சொன்னேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், "டேய், அப்ப எங்கப்பாகிட்டயும் இதை நீயே சொல்லிடு"ன்னான். சொன்னேன். அந்த உரையாடல் இந்த எபிசோடுக்கு இல்ல.

சரி பண்ணினது சின்ன வேலைதான். உள் முனையை இடம் மாத்தி, டை ராடு கீழ் ஆர்முக்கு இணையா, கிட்டத்தட்ட அதே நீளத்துல வர்ற மாதிரி புது பிராக்கெட். ஷிம் வெச்சு வெச்சு லேசர்ல பார்த்து, கால் டிகிரிக்குக் கீழ கொண்டு வந்தோம். பழைய பிராக்கெட்ல போல்ட்டை ஒரு பக்கத் தகடு மட்டும்தான் பிடிச்சிருந்துச்சு. அப்படி இருந்தா ஒவ்வொரு ஆட்டமும் போல்ட்டை வளைக்கப் பார்க்கும். இப்ப ரெண்டு பக்கமும் தகடு, நடுவுல ராடு. அதோட, பால் ஜாயிண்டை விடப் பெரிய வாஷர் ஒண்ணு, குண்டு உடைஞ்சாலும் ராடு கழண்டு விழாது. வாஷர் விலை ஒரு டீ காசு. முதல் தடவையே ஏன் போடலைன்னு கேக்காதீங்க.

போல்ட் பத்தி ஒரு சின்ன விஷயம். தலையில 8.8-னு எழுதியிருக்கும் பார்த்திருக்கீங்களா? முதல் 8-னா அது 800 மெகாபாஸ்கல் வரைக்கும் இழுவை தாங்கும். புள்ளிக்கு அப்புறம் இருக்குற 8-னா அதுல 80 சதவீதத்துல, அதாவது 640-ல, நிரந்தரமா நீள ஆரம்பிக்கும். தலையில ஒண்ணுமே எழுதாத போல்ட் எங்க பழைய வண்டியில 11 இருந்துச்சு, அதுல ரெண்டு சீட் பெல்ட்ல. எல்லாத்தையும் மாத்தி, நைலாக் நட் போட்டு, நட்டு மேலயும் தகடு மேலயும் சேர்த்து மஞ்சள் பெயிண்ட்ல ஒரு கோடு இழுத்துட்டோம். நட்டு கொஞ்சம் சுத்தினாலும் கோடு முறிஞ்சு தெரியும். ஓட்டுறதுக்கு முன்னாடி ஒரு சுத்து சுத்தி வந்து கோடு பார்த்தா போதும். சாஃப்ட்வேர்காரங்களுக்குப் புரியும், இது செக்சம்.

அடுத்தது கூண்டு. இதுல என் அகங்காரம் ரொம்பவே அடிபட்டுச்சு.

கவிழ்ந்தப்ப கூண்டு நொறுங்கல, ஆனா பக்கவாட்டுல சாஞ்சிடுச்சு. ஆளோட முதுகுக்குப் பின்னாடி நிக்குற பெரிய வளைவு, செவ்வகம் மாதிரி இருந்தது, இணைகரமா ஆயிடுச்சு. கதவு தொங்கிப் போன இரும்பு கேட்டைப் பாருங்க, அதே கதை. செவ்வகத்துக்கு மூலை மட்டும்தான் பலம். குறுக்க ஒரு பைப் போட்டா அது ரெண்டு முக்கோணம், முக்கோணம் சாயணும்னா பைப்பே நீளணும் இல்ல சுருங்கணும். என் டிசைன்ல அந்தக் குறுக்குப் பைப் இருந்துச்சு. இன்ஜின் ஏர் ஃபில்டருக்கு இடிக்குதுன்னு கட்டும்போது நானே எடுத்துட்டேன். சிமுலேஷனைத் திரும்ப ஓட்டல.

அதோட ஒரு வெல்டு பிரிஞ்சிருந்துச்சு. பட்டறை அண்ணன் அதை டார்ச் அடிச்சுப் பார்த்துட்டு, "தம்பி, இது தண்ணி பைப்புங்க"ன்னார். ஜிஐ பைப், மேல துத்தநாகப் பூச்சு. அந்தப் பூச்சை உரசி எடுக்காம வெல்டு வெச்சா துத்தநாகம் ஆவியாகி வெல்டுக்குள்ள குமிழி குமிழியா ஓட்டை விழும். வெளியில பார்த்தா மினுமினுப்பு, உள்ள ஸ்பாஞ்சு. அந்தப் புகையை சுவாசிச்சா ராத்திரி குளிர் காய்ச்சலும் வரும், எங்க ரெண்டு பேருக்கும் அப்ப வந்துச்சு, மழையில நனைஞ்சதுன்னு நினைச்சோம். இன்னொண்ணு, பைப்போட முனையை மீன் வாய் மாதிரி வளைவா வெட்டி அடுத்த பைப் மேல உட்கார வைக்கணும். நாங்க நேரா வெட்டி, இடைவெளியில வெல்டிங் ராடைத் துண்டு போட்டு நிரப்பியிருந்தோம். சிமுலேஷன்ல எல்லா ஜாயிண்டும் ஒரே உலோகமா ஒட்டியிருக்கும். அந்தப் பச்சைப் படம் சொன்னது இல்லாத ஒரு வண்டியைப் பத்தி.

கூண்டு முழுக்க அறுத்துப் போட்டோம். புதுசுக்கு நான் போய் நின்ன இடம் பாஹா எஸ்ஏஇ ரூல்புக். 1976-ல சவுத் கரோலினா பல்கலைக்கழகத்துல ஆரம்பிச்ச மாணவர் போட்டி, 2007-லிருந்து இந்தியாவுலயும், இந்தூர் பக்கம் பிதாம்பூர்ல நடந்துட்டு வருது. காலேஜ்ல அந்த டீம்ல இருந்தேன், ரூல்புக்கைத் திட்டிட்டே படிச்சேன். இப்ப அதோட ஒவ்வொரு வரியும் யாரோ அடிபட்ட இடம்னு தோணுது. நெட்ல இலவசமா கிடைக்குது, போட்டிக்குப் போகாதவங்களும் படிக்கலாம்.

அதுல முக்கியமான பைப்புக்கு அடிப்படை அளவு: வெளி விட்டம் 25 மி.மீ., சுவர் 3 மி.மீ., கார்பன் குறைஞ்சது 0.18 சதவீதம். அதே விறைப்பும் பலமும் காட்டினா வேற அளவும் போடலாம், சுவர் 1.57 மி.மீ.க்குக் குறையக்கூடாது. இங்க ஒரு அழகான கணக்கு இருக்கு. ஒரு இன்ச், அதாவது 25.4 மி.மீ. விட்டம், 3 மி.மீ. சுவர்: மீட்டருக்கு 1.66 கிலோ. ஒண்ணேகால் இன்ச், 31.75 மி.மீ. விட்டம், 1.6 மி.மீ. சுவர்: மீட்டருக்கு 1.19 கிலோ. எடை 28 சதவீதம் குறைவு. ஆனா வளைவுக்கு எதிரான விறைப்பு 28 சதவீதம் அதிகம்! உலோகம் மையத்தை விட்டுத் தள்ளிப் போகப் போக, அந்தத் தூரத்தோட வர்க்கத்துல பலன் கொடுக்கும். அதுக்காக இன்னும் பெருசா, இன்னும் மெல்லிசான்னு போனா தகர டப்பா மாதிரி ஒடுங்கிடும், அதுக்குத்தான் அந்த 1.57. மேல பாரம் குறைஞ்சதால ஈர்ப்பு மையமும் கொஞ்சம் இறங்குச்சு.

வெல்டிங் நான் பண்ணல. பட்டறை அண்ணன் சிஓடூ வெல்டிங்ல பண்ணார், முதல்ல மூணு சாம்பிள் ஜாயிண்ட். வைஸ்ல பிடிச்சு சம்மட்டியில அடிச்சோம். ரெண்டுல பைப் வளைஞ்சுச்சு, வெல்டு நின்னுச்சு. மூணாவது வெல்டுல பிரிஞ்சுச்சு. அவர் ஒண்ணும் சொல்லாம மெஷின் செட்டிங்கை மாத்தி இன்னும் மூணு போட்டார், மூணும் நின்னுச்சு. கடைசியில முக்கியமான ஜாயிண்ட் எல்லாத்துலயும் சிவப்பு டை அடிச்சு, துடைச்சு, வெள்ளை டெவலப்பர் அடிச்சோம். விரிசல் இருந்தா வெள்ளையில சிவப்புக் கோடு எழும்பும். ஒரு இடத்துல எழும்புச்சு. அரைச்சு எடுத்துட்டுத் திரும்ப வெல்டு.

மத்ததை வேகமா சொல்றேன். பழைய கார் பெல்ட்டை எடுத்துட்டு அஞ்சு முனை ஹார்னஸ். தோள் பட்டை தோளிலிருந்து பின்னாடி கிட்டத்தட்ட நேரா போகணும். சீட்டுக்குப் பின்னாடி செங்குத்தா தரைக்கு இறக்கிக் கட்டினா, மோதும்போது அதுவே முதுகெலும்பை அமுக்கும். இடுப்புப் பட்டை வயித்துல இல்ல, இடுப்பெலும்பு மேல. அப்புறம் கைப்பட்டை. ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்ப முடியும், ஆனா கை கூண்டுக்கு வெளிய போகாது. இது அன்னைக்கு இருந்திருந்தா இந்த எபிசோடே வேற மாதிரி இருந்திருக்கும். இன்ஜினை நிறுத்துற சுவிட்ச் ரெண்டு, ஒண்ணு ஓட்டுறவர் கைக்கெட்டுற இடத்துல, ஒண்ணு வெளிய நிக்குறவங்களுக்கு. இன்ஜினுக்கும் முதுகுக்கும் நடுவுல தகட்டுத் தடுப்பு. பெட்ரோல் டேங்க் காத்துக் குழாய்ல, கவிழ்ந்தா மூடிக்குற வால்வு. ஆக்சிலேட்டருக்கு ஒண்ணுக்கு ரெண்டு ஸ்பிரிங்.

பிரேக்கை மட்டும் கொஞ்சம் விளக்கணும். நாலு சக்கரத்துலயும் ஒரே டிஸ்க், ஒரே அழுத்தம். நிக்கும்போது 61 சதவீதம் எடை பின்னாடி, அதனால சரியாத்தானே இருக்கும்னு நினைச்சேன். பலமா பிரேக் அடிச்சா எடை முன்னாடி சாயும். பிடி நல்லா இருக்குற தரையில, எங்க 2 மீட்டர் வீல்பேஸுக்கு, கிட்டத்தட்ட 19 சதவீதம். பின்னாடி மிஞ்சுறது 42. அப்ப பின் சக்கரம்தான் முதல்ல பூட்டும், பூட்டினா வண்டி சுத்தும். பின் லைன்ல அழுத்தம் குறைக்குற வால்வு போட்டு, முன் சக்கரம் ஒரு நொடி முன்னாடி பூட்டுற வரைக்கும் திருகினோம். மண்ணுல நாப்பது தடவை பிரேக் அடிச்சு, ஒவ்வொரு தடவையும் இறங்கித் தடத்தைப் பார்த்து.

போன ஞாயித்துக்கிழமை அதே பாதையில, அதே திருப்பத்துல, இருபதுல ஆரம்பிச்சு முப்பத்தஞ்சு வரைக்கும் நான்தான் ஓட்டினேன். அந்த மேடு வந்தப்ப கை தானா இறுகுச்சு. பின்பக்கம் தடத்துலயே இருந்துச்சு. நண்பன் வரப்புல உட்கார்ந்து வெளி சுவிட்சைக் கவனிச்சுட்டு, கைப்பட்டை போட்டிருக்கேனான்னு ஒவ்வொரு ரவுண்டுக்கும் கத்திக் கேட்டுட்டு இருந்தான்.

சித்தி பையன் ஆறடி ரெண்டு அங்குலம். அவனும் ஹெல்மெட்டோட வந்து நின்னான். உட்கார வெச்சு அளந்தோம். ரூல்புக் ஹெல்மெட்டுக்கும் கூண்டுக்கும் நடுவுல 152 மி.மீ. கேக்குது, அவனுக்கு இருந்தது 110. "நாலு செ.மீ. தானேண்ணா"ன்னான். சீட்டை இறக்க புது பிராக்கெட் பட்டறையில இருக்கு, புதன்கிழமை தரேன்னு அண்ணன் சொல்லியிருக்கார். அது வர்ற வரைக்கும் சாவி என்கிட்டதான். அடுத்த வாரம் டேட்டாபேஸ்.